அப்பாவுக்கு எதிராக ஒரு சாட்சி

என் வீட்டுக்காரர் கவிஞர். சித்தூர் காலேஜில் படிக்கும்போதே காதல் பாட்டுகளால் பேர் வாங்கியவர். மாநில எல்லையோரத்தில், எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் கல்யாண வீடுகளில் அவர் பாட்டை யாராவது பாடிவிடுவார்கள். பாதிப் பாட்டு என்னைப் பற்றியது. நான் அவருக்கு மாமன் மகள் என்பதால் எங்கள் கல்யாணத்துக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் வயலும் நிறைய. எப்போதோ பாட்டன் வாங்கிய கடனுக்காகச் சில குடும்பங்கள் எங்கள் தோப்பிலேயே கட்டுப்பட்டுக் கிடந்தன. வேறு வேலைக்குப் போகக் கூடாது, கேட்காமல் ஊர் தாண்டக் கூடாது. அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது தப்பாகத் தெரிந்ததில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது.

பிரசவத்துக்குக் கோவிந்தாபுரம் போயிருந்த மனைவியைப் பார்க்க, ஒரு வேலையாள் சொல்லாமல் போய்விட்டான். அப்பா அவனை இழுத்து வரச்சொல்லி, களத்தில் வண்டிச் சக்கரத்தோடு கட்டிப்போட்டார். உச்சி வெயில். என் வீட்டுக்காரர் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"பொண்டாட்டியப் பாக்கப் போனது தப்புங்களா மாமா?"

"பாட்டு எழுதறதோட நிறுத்திக்குங்க, மாப்ள" என்றார் அப்பா.

அவர் நிறுத்தவில்லை. அந்த ஆள் மனைவியை நினைத்துப் பாடுவதாக ஒரு பாட்டு எழுதினார். அதுவும் காதல் பாட்டுத்தான், ஆனால் அந்தக் காதலனால் வரப்பைத் தாண்ட முடியாது. நடவு வயல்களில் பெண்கள் அதைப் பாடினார்கள். கொத்தடிமையை ஒழிக்கச் சட்டம் வந்ததும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், "உங்கள இனி யாரும் புடிச்சு வைக்க முடியாதுங்க" என்று கூட்டம் போட்டுச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் அவரை மறித்து, உலக்கையால் வலது கையை உடைத்தார்கள். அடித்தவர்களில் இருவர் எங்கள் தோப்புக் காவல்காரர்கள்.

மறுநாள் அப்பா ஒரு சீப்புப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கை சரியாப் போயிரும்" என்றார்.

"எந்தக் கைன்னும் நீங்களே சொல்லி அனுப்பிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அழவில்லை. அப்பாவை எங்கே அடித்தால் வலிக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொத்தடிமை விசாரணைக்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்தபோது தோப்புக் குடிசைகள் காலியாக இருந்தன. "எல்லாம் தினக்கூலிங்க. வேலை முடிஞ்சுது, போயிட்டாங்க" என்றார் அப்பா. ஊரே கூடி நின்று பார்த்தது. நான் முன்னால் போனேன்.

"இவரு சொல்றது பொய்யுங்க. நான் இவரு மக. அவங்கள எல்லையைத் தாண்டி எங்க பெரியப்பா தோட்டத்துல அடைச்சு வெச்சிருக்காரு. வாங்க, காட்டறேன்."

அப்பா என்னையே பார்த்தார். "நீ எனக்குப் பொறந்தவதானா?"

"ஆமாங்கப்பா. அதனாலதான் எல்லாம் தெரியுது."

ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினேன். வெளியிலிருந்து பூட்டிய கொட்டகைக்குள் எல்லாரும் இருந்தார்கள், கட்டிப்போட்ட அந்த ஆளின் கைக்குழந்தை உட்பட. பூட்டை உடைத்த சத்தம் அன்று எனக்கு இனித்தது.

அப்பா சில மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபோது தோப்பில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. காய் பறிக்காமல் விழுந்து அழுகியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன்.

என் வீட்டுக்காரரின் கை அதன்பிறகு நேராகவில்லை. அவர் பாட்டைச் சொல்வார், நான் எழுதுவேன். ஒவ்வொரு வரி எழுதும்போதும் அப்பாவை நினைத்துப் பல்லைக் கடிப்பேன். பாட்டைச் சொல்பவருக்கு அந்தக் கோபமே கிடையாது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா படுக்கையில் விழுந்து, என்னைப் பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பினார். "போய்ப் பாத்துட்டு வா, புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். நான் அசையவில்லை. அவரே போய், பொழுது சாயத் திரும்பி வந்தார்.

"உன்னத்தான் கேட்டுட்டே இருந்தாரு. இனித் தாங்காது."

"கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றேன்.