இத்தா வீடும் சீதன வீடும்

வாடகைக்கு வீடு விட எண்ணும் இளையோர் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. மாரிக்கு முன் கூரையைப் பாருங்கள், கோடையில் கிணற்றை இறைத்துப் பாருங்கள், குடி வருபவர் முன்பிருந்த வீடு வளவை ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள் என்பேன். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவுள்ள வீடாயின், கலியாணத்துக்கு நாள் வைக்குமுன்பே அது வெறுமையாக இருக்கட்டும் என்பேன். ஏன் என்று கேட்பவர்க்கு இதைச் சொல்வதுண்டு.

யுத்தத்துக்குச் சில ஆண்டுகளின் முன், நாவற்குடாவில் வாவிக்கரையோரம் ஒரு கல்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். என் மனைவிக்கு அவள் தாய் கொடுத்த சீதனம் அது. நாங்கள் ஒட்டிய வளவில் மண்வீட்டில் இருந்தோம். குடியிருந்தவர் காத்தான்குடிப் புடைவை வியாபாரி. அவர்களிடத்தும் வீடு பெண்ணுக்கே உரியது; மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியேறுவார். தம் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு மனைவியோடு எங்களிடம் வந்தவர். ஆதலால் எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியபோது நான் எதையும் விளக்க நேரவில்லை.

"உங்கட புள்ளக்கி இல்லாத வீடா, அண்ணே? ஆவணி பொறக்க முன்னே சாமான ஏத்திருவன்" என்றார்.

ஆடியில் காய்ச்சலென்று படுத்தவர் எழவில்லை.

அவர் மனைவி இத்தாவில் அமர்ந்தார். கணவனை இழந்த இஸ்லாமியப் பெண் நான்கு மாதத்துக்கும் மேலாக, அவரோடு வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேறாது, அந்நிய ஆடவர் கண்ணிற் படாது இருக்கும் காலம் அது. கலியாணமோ ஆவணியில். அப்பெண்ணின் தமையன் என்னைத் தேடி வந்தார்.

"தானா வெளிக்கிட ஏலா, அண்ணே. வீட்டுக்காரர் எழும்பச் சொன்னா, வேற வீட்டுல போய் இத்தாவ முடிக்கலாம். மார்க்கத்துல அதுக்கு இடம் கிடக்கு. ஒரு சொல் சொல்லுங்க. நாங்க கோவிக்க மாட்டம்."

கோபிக்க மாட்டார்கள் என்பதே என்னைக் கலக்கியது. மறுநாட் காலை வழிபாட்டில், உன் திருவடி நிழலில் எனக்கோர் இடம் தா என்று இறைவனை இரக்கும் பதிகம் வந்தது. பாதியில் குரல் நின்றது. இடம் கேட்டு இரக்கும் வாயினால் எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிடின் மகள் கதி என்ன?

இதற்குள் செய்தி வாவியைக் கடந்துவிட்டது. தந்தையில்லாத மாப்பிள்ளையை வளர்த்தவர் அவர் தாய்மாமன், வவுணதீவில் பெருவயல்களுக்குச் சொந்தக்காரரான போடியார். தோணியால் இறங்கி நேரே வந்தவர், கல்வீட்டு வாசலில் தொங்கிய வெள்ளைத் திரையைக் கண்டு நின்றார்.

"என்ன அண்ணே, மாப்பிள்ளைக்கு வீடெண்டு சொல்லிப்போட்டு மறைப்புக் கட்டி வெச்சிரிக்கீங்க?"

"இத்தா முடியுமட்டும் பொறுக்கணும்" என்றேன்.

"அதுக்குள்ள மார்கழி வந்திரும். பொறகு வேளாண்மை வெட்டு. அதுமட்டும் எங்கட பொடியன் தோணிக்குள்ளயா குடும்பம் நடத்துற? கரடியனாத்துல ஒரு பொண் வீட்டார் பொடியனக் கேட்டு நிக்கிறாங்க, தெரியுமா? அந்தப் பொம்பிளயப் போகச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வந்த தோணியிலயே திரும்புறன்."

கிணற்றடியில் என் மகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அசையாது நின்றாள். திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் வந்தது.

"வீட்டுக்கார அண்ணே, சொல்லுங்க. ஒரு கொமர்ப் புள்ளட வாழ்க்க என்னால கெட வேணா. நான் எழும்புறன்."

எல்லோரும் என் வாயையே பார்த்தனர். அப்போது என் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.

"இவர்க்கிட்ட என்னத்தக் கேக்கிறீங்க? வீடு என்ட. எங்கட அம்மா எனக்குத் தந்த. தங்கச்சி, நீ இரி. நான் எழும்பச் சொல்லல்ல."

போடியார் திகைத்தார். நானுந்தான். எத்தனை கலங்கினேன்! அந்தச் சொல் என்னுடையதாகவே இருக்கவில்லை.

"அப்ப மாப்பிள்ளை?"

"நாங்க இருக்கிற வீட்டுல இரிக்கட்டும். நாங்க சமைக்கிற குசினிக்குள்ள ஒதுங்குறம். இத்தா முடிய கல்வீட்டுக்கு மாறட்டும்."

"மண்வீட்டுலயா?"

"உங்கட அக்கா தாலி இழந்து இருந்த நேரம், எழும்பு எண்டு ஒருத்தன் வாசல்ல வந்து நிண்டிருந்தா, அவன விட்டிருப்பீங்களா?"

போடியார் தோணித் துறையை ஒருமுறை பார்த்தார். மகள் இன்னும் குடத்தைத் தூக்கவில்லை. பின்பு மண்வீட்டுக்குள் நுழைந்து கூரை வளைமரத்தைக் கையால் உந்திப் பார்த்தார். உளுத்த தூள் அவர் தலையிற் கொட்டியது.

"இதுக்குள்ளயா? கூரை வேய வைக்கலும் ஆளும் நான் அனுப்புறன். பொடியன் நனைஞ்சா அக்கா என்னத்தான் ஏசுவா."

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. இன்றும் வீடு கேட்டு யாரேனும் வந்தால், உள்ளே வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். யோசனை கேட்க வருவோர்க்கும் அதையே சொல்கிறேன். கலியாணத்துக்கு மறுநாட் காலை, குசினிப் புகைக்குள் இருந்து நின்றுபோன பதிகத்தைத் தொடங்கினேன். இருமல் வந்தது. ஆனாலும் பாடி முடித்தேன்.