நெலிதா லீவு போட்ட வியாழக்கிழமை

நெலிதா பத்தொன்பது வருஷமாகப் புவனோஸ் அயர்ஸின் ஆற்றங்கரை விமான நிலையத்தில் தரை துடைக்கிறாள். ஊருக்குள்ளேயே இருக்கிற சின்ன நிலையம் அது. தூர தேசத்து விமானங்கள் இறங்குவது ஊருக்கு வெளியே, எசெய்சாவில். ஸ்பெயினிலிருந்து வருகிறவர்கள் எசெய்சாவில்தான் இறங்குவார்கள் என்பது இந்த ஊர்ப் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்த அந்தச் சங்கதிதான் அவள் காலை வாரிவிட்டது.

மகள் யமிலா ஆறு வருஷம் கழித்து ஸ்பெயினிலிருந்து வருகிறாள். ரெண்டு மணிக்கு இறங்கி, நாலரைக்கு வேறு விமானம் பிடித்து, தெற்கே நெவ்கேனில் நடக்கும் நாத்தனார் கல்யாணத்துக்குப் போகிறாள். அது முடிந்ததும் சிலி வழியாகத் திரும்பிவிடுவாள். நடுவில் கிடைக்கும் ரெண்டரை மணி நேரம்தான் அம்மாவுக்கு.

"லீவெல்லாம் போடாதம்மா," என்றாள் போனில்.

"போடி. ஆறு வருஷம் கழிச்சு வர்றவ முன்னாடி துடைப்பத்தோடயா நிக்கச் சொல்றே?"

வியாழக்கிழமை பஸ்ஸில் இடிபட்டு, கறி அடைத்துச் சுட்ட எம்பனாதா ஒரு டப்பாவை நசுங்காமல் மடியில் காத்து, ஒரு மணிக்கே எசெய்சா போய்விட்டாள். ரெண்டேகாலுக்கு போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்கே? நீ கழுவுற கக்கூஸ் வாசல்லயே நிக்கிறேன். உன்கூட வேலை பாக்கிற சுல்மா அக்கா மாத்தே டீ கலந்து குடுத்தாங்க."

"அங்க எப்படிடி போனே?"

"பிரேசில்ல விமானம் மாறி வந்தேன். பக்கத்து நாட்டு விமானமெல்லாம் இங்கயும் இறங்குது. டிக்கெட் மலிவு. நீ இங்க வேலையில இருப்பேன்னுதானே லீவு வேணாம்னேன்!"

"வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நீ கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. அதுதான் வயிறெரிச்சல்.

தன் நிலையத்துக்குத் திரும்பும் பஸ் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. முன்னால் டயர் எரிய, மேளம் அடித்து மறியல்.

"இன்னைக்குத்தானா இவனுங்க மறிக்கணும்!" என்று கத்தினாள். "நான் விமான நிலையத்துல வேலை பாக்கிறவ, அவசரமாப் போகணும்!"

"விமான நிலையமா?" என்றார் டிரைவர். "போன மாசம் உங்க ஆளுங்க இதே இடத்துல மேளம் அடிச்சப்போ மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன், தாயே."

அந்த மேளங்களில் ஒன்று நெலிதாவுடையது. இறங்கி, புகைக்குள் நடந்து, அந்தப் பக்கம் ஆயுளில் முதல் தடவையாக டாக்சி பிடித்தாள்.

நாலேகால். யமிலாவைக் கடைசி அழைப்பு உள்ளே இழுத்துவிட்டிருந்தது. சோதனை வாசலில் காவலுக்கு நின்றவன் ரமிரோ. தினமும் அவளிடம் பிஸ்கெட் வாங்கித் தின்கிறவன்.

"கார்டு எங்க அக்கா?"

"வீட்டுல. இன்னைக்கு லீவுடா."

"கார்டில்லாம விட்டா என் வேலை போயிடும்க்கா."

"பத்தொன்பது வருஷமா உள்ள இருக்கிற தரையெல்லாம் நான்தாண்டா துடைக்கிறேன்!"

"தெரியும்க்கா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். சண்டைக்கு வந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பாள்.

கண்ணாடிச் சுவரோரம் ஓடினாள். அந்தக் கோடியில், விமானம் ஏறும் வரிசையில், பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். யமிலாதான். மெலிந்திருக்கிறாளா, அழுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க யார் யாருடைய கை ரேகையோ, குழந்தைகள் எச்சிலோ அப்பிக் கிடந்தது. இந்தக் கண்ணாடி நெலிதாவின் பொறுப்பு. அவள் வராத நாளில் அதை யாரும் தொடுவதில்லை.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சட்டையின் கையாலேயே பரபரவென்று தேய்த்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனபோது வரிசை காலியாக இருந்தது.