நஞ்சம்மா கேட்ட கேள்வி

எங்கள் பொறியியல் கல்லூரி விடுதி மெஸ்ஸில் பதினோரு வருஷமாகப் பரிமாறிவந்தவள் நஞ்சம்மா. மத்திகிரியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டுவாள். எந்தப் பிள்ளை எத்தனை இட்லி தின்னும் என்பது அவளுக்கு அத்துப்படி.

இரண்டாம் வருஷ லாவண்யா வருகை பதியும் மெஷினில் கட்டைவிரலை வைத்து, தட்டில் சோறு வாங்கி, அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுப் போவதை அவள்தான் முதலில் பார்த்தாள். வார்டன் நிர்மலாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, மூன்று வேளையும் விரல் பதிந்திருக்கிறதே, அப்புறமென்ன என்றார். மெஷினுக்கு வயிறா இருக்கிறது? இப்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் நான் மட்டும் யோக்கியனா? லாவண்யாவின் பொறுப்பாசிரியர் நான். மாதாமாதம் படிவத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதினேன். அவள் முகத்தைப் பார்த்து எழுதவில்லை, போன மாதப் படிவத்தைப் பார்த்து எழுதினேன்.

மார்கழிக் குளிரில் லாவண்யா தன் ஸ்வெட்டரை நஞ்சம்மாவுக்குக் கொடுத்தாள். இவளும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை, கால்குலேட்டரை ஒருத்திக்கும் கொலுசை இன்னொருத்திக்கும் லாவண்யா கொடுத்துவிட்டதாகப் பிள்ளைகள் பேசியது காதில் விழுந்தது. தன்னுடையதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிக்கிறாளே என்று நஞ்சம்மாவுக்குப் பட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். மெஸ் ஆட்கள் மாடி ஏறக் கூடாது என்பது விதி. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையைப் பிடித்து நேராகவே கேட்டாள்.

"செத்துப் போலாம்னு இருக்கியா கண்ணு?"

லாவண்யா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு அழுதாள்.

நஞ்சம்மா அவளை விட்டு நகரவில்லை. குந்தாரப்பள்ளியிலிருந்த லாவண்யாவின் அம்மாவைப் போனில் வரச்சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மனநல மருத்துவர் பார்க்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். லாவண்யா இப்போது வீட்டில் இருக்கிறாள். சிகிச்சை நடக்கிறது, கொஞ்சம் சாப்பிடுகிறாளாம்.

கல்லூரி என்ன செய்தது? விசாரணை வைத்தது. மாடி ஏறியது, வேலையைப் பாதியில் விட்டது எல்லாம் சின்னக் குற்றம். வயசுப் பெண்ணிடம் அப்படிக் கேட்டதுதான் பெரிய குற்றமாம். இல்லாத நினைப்பை நீயே கிளப்பிவிட்டாய் என்று முதல்வர் சீறினார்.

"நான் கேட்டேன், அந்தப் புள்ள சொல்லுச்சு. நீங்க யாரு கேட்டீங்க சார்?" என்றாள் நஞ்சம்மா.

அறையில் நாலு பேர் இருந்தோம், மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். மறுநாளிலிருந்து அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.