அரியர் வைக்கத் தெரியாத பெட்டி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன் டீகோடரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? ஆனால் என் நண்பன் ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க். அவனிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது உடம்புக்கு நல்லதில்லை.

அவன் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. படித்தான். கொட்டாம்பட்டியில் அவன் மாமாவுக்குத் தோட்டம். தோட்டத்துக் கடைசியில் நட்டிருக்கும் கருவி, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரேடியோவில் சொல்லும். மோட்டார் ரூமில் இருக்கும் பெட்டி கேட்டுக்கொள்ளும். வருகிற வழியில் செய்தி கொஞ்சம் கெட்டுப்போகும். அதில் எது தப்பு என்று பார்த்துத் திருத்துவதுதான் அவன் வடிவமைத்த டீகோடர். ஒரு சுற்றில் சரியாகாவிட்டால் இன்னொரு சுற்று சுற்றும். சுற்றச் சுற்ற பேட்டரி இறங்கும்.

ஒரே பேட்டரியில் பத்து நாள் ஓடினால்தான் ப்ராஜெக்ட் ரிவியூ, இல்லையென்றால் அடுத்த செமஸ்டர் என்று அவன் பேராசிரியை சொல்லிவிட்டார். லேபில் பன்னிரண்டு நாள் ஓடியது. கொட்டாம்பட்டியில் நாலாம் நாளே செத்துப்போனது. ரிவியூவுக்கு இன்னும் பதினோரு நாள். பைக் என்னுடையது என்பதால் நானும் ஆராய்ச்சியில் இருந்தேன்.

மோட்டார் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டிப் பார்த்தான். மோட்டார் ஓடும்போதெல்லாம் செய்தி கந்தலாக வந்தது. டீகோடர் ஐம்பது சுற்று சுற்றிவிட்டு, தெரியவில்லை என்றது.

"தேறாதுன்னு எத்தனாவது சுத்துல தெரியுது மாப்ள?" என்று கேட்டேன்.

"நாலு, அஞ்சுலயே தெரிஞ்சிரும். தப்பு குறையவே செய்யாது."

"பெறகு என்னத்துக்கு அம்பது?"

"முயற்சி பண்ணாம எப்படிடா விடுறது?"

விஷயம் அங்கேதான் இருந்தது. இவன் பரீட்சையில் பேப்பரைப் பிடுங்கும்வரை எழுதுகிறவன். தெரியாத கேள்விக்கும் அடிஷனல் ஷீட் வாங்குவான். பெட்டியையும் அப்படியே வளர்த்திருக்கிறான்.

"நானெல்லாம் ரெண்டு வரி எழுதிப் பாப்பேன். வரலயா, அரியர்ல பாத்துக்கிருவோம்னு எந்திரிச்சு வந்துருவேன். அந்தக் கருவிதான் பத்து நிமிசத்துல திரும்பச் சொல்லுதுல்ல? ஒம் பெட்டிக்கும் அரியர் வைக்கச் சொல்லிக் குடு."

அவன் சிரிக்கவில்லை. மூன்று சுற்று தொடர்ந்து தப்பு குறையாவிட்டால் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தான். அவன் வாழ்க்கையில் எழுதாமல் விட்ட முதல் கேள்வி அது.

புது பேட்டரி போட்டோம். தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தோம். ஆறாம் நாள் அவன் மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, உசுரு இருக்கா?"

"இருக்கு மாமா."

"பெட்டிக்கு இல்லப்பா, ஒனக்குக் கேட்டேன். சாப்புட்டு எம்புட்டு நாளாச்சு?"

பத்தாம் நாளும் பச்சை விளக்கு மினுக்கியது. மறுநாள் ரிவியூவில் பேராசிரியை அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம்.

"ஃபீல்டுல இருந்து மேடம்" என்றானாம்.

ஃபீல்டு நான்தான். ரிப்போர்ட்டில் என் பேரைப் போடு என்று நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் மெசேஜ் அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது:

"மூணு சுத்து பாத்துட்டேன் மாப்ள, ஒங்கிட்ட தப்பு குறையிற மாதிரி தெரியல, விட்டுட்டேன்."