டைகருக்கும் நிரோஷாவுக்கும் ஒரே மாத்திரை

அந்த மாதம் செல்லச்சாமி அண்ணனின் வீட்டில் யாரும் எதையும் சத்தமாகக் கீழே வைக்கவில்லை. அவர் மனைவி கமலம் அக்கா சோற்றுப் பானையைத் துணி விரித்து அதன்மேல் இறக்குவார். தண்ணீர் வாளியைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஏதாவது விழுந்து சத்தம் வந்தால் அது நிரோஷாவாகத்தான் இருக்க வேண்டும். மற்றச் சத்தங்கள் குறுக்கே வந்தால் ஓடிப்போவதற்குச் சுணங்கிவிடும்.

நிரோஷா அவர்களின் ஒரே மகள். பத்தொன்பது வயது. ஏழு வயதில் வலிப்பு வந்தது. தினமும் பொழுது சாயும்போது ஒரு மாத்திரை போட வேண்டும், தவறாமல் போட்டால் ஒன்றும் வராது என்றார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகவே கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே போனது. 2022 சித்திரையில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வெளியிலும் இல்லை.

செல்லச்சாமி அண்ணன் நான் வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகத்தின் பியூன். கண்டி திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த அலுவலகம். அவர் மஹய்யாவையில் பிறந்தவர். தாயும் தகப்பனும் மாநகரசபைக்காக இந்த நகரத்துத் தெருக்களைக் கூட்டியவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பத்தொன்பது வயதில் இந்த மாடிப்படியை ஏறினார். முதலாளிமாரின் வருமானவரி பைல்களை வரி அலுவலகத்துக்குச் சுமந்துபோவதும், திரும்பக் கொண்டுவந்து அடுக்குவதும்தான் அவருடைய முப்பத்து மூன்று வருடம். எந்த பைல் யாருடையது என்று நாடாவின் முடிச்சைப் பார்த்தே சொல்வார். அவர் பெயரில் மட்டும் ஒரு பைல் இருந்ததில்லை. வரி கட்டும் அளவுக்கு அவர் ஒருநாளும் சம்பாதிக்கவில்லை. ஆனால் பால்மா பக்கெட்டிலும் குளிக்கும் சவர்க்காரத்திலும் அவர் கட்டிய வரிக்கு யார் பைல் வைத்திருக்கிறார்கள்?

நான் 2019 கார்த்திகையில் அங்கே சேர்ந்தேன். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அவர் என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டார். அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணே, என் அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர் என்றேன்.

"அப்பா வெட்டட்டும். நீங்க கதிரையில உட்காருறீங்கதானே, மிஸ்."

நான் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் புதிய அரசாங்கம் வரிகளை வெட்டியது. ஆண்டுக்கு முப்பது லட்சம் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேலே சம்பாதிப்பவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் விகிதம் குறைந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எவ்வளவு மிச்சம் என்று கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. பெரிய மிச்சம் இராமநாதன் முதலாளிக்கு. இரும்புச் சாமான் கடையும் வாடகைக்கு விட்ட கட்டடங்களும் உள்ளவர். அவருக்குத் தமிழில் எழுத வேண்டும். அந்த ஒரு வருட மிச்சம் என் அப்பாவின் பதினெட்டு வருடச் சம்பளம். அதை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு, "மனமகிழ்வுடன் அறியத்தருகிறோம்" என்று கடிதத்தைத் தொடங்கினேன்.

இனித் தேவைப்படாத பைல்களைச் செல்லச்சாமி அண்ணன் நாடாவால் கட்டிப் பரணில் ஏற்றினார். சுமை குறைந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். ஏணியில் நின்றபடியே ஒருநாள் கேட்டார், இவர்கள் கட்டாத காசு எங்கிருந்து வந்து நிறையும் என்று. அவர்கள் அதைத் தொழிலில் போடுவார்கள், தொழில் வளரும், ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்று நான் விளக்கினேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு நல்ல புள்ளி வாங்கித் தந்த விடை அது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நிரோஷாவுக்கு இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று சொல்லியிருக்கிறார். இதைக் கமலம் அக்காவிடமிருந்து பின்னால்தான் அறிந்தேன்.

அந்தக் கடிதத்தை வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் இராமநாதன் முதலாளியின் வீட்டுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். திரும்பி வந்து ஒரு பகிடி சொன்னார். அந்த வீட்டு நாய் டைகருக்கும் வலிப்பாம். வேலைக்கு நிற்கும் புசல்லாவை ஊர் ரத்தினம்மா ஈரல் துண்டுக்குள் ஒரு மாத்திரையை வைத்து ஊட்டினாராம். அட்டையைப் பார்த்தால் நிரோஷா போடும் அதே மாத்திரை.

"ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தான் மிஸ். டைகர் மட்டும் கியூவுல நிக்கிறதில்ல."

நானும் சிரித்தேன்.

அந்தக் கடிதங்களால்தான் பாமசிகளில் மருந்து இல்லாமல் போனது என்று நான் சொல்லவில்லை. கொரோனா வந்தது, சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, நாட்டுக்கு ஏற்கெனவே கடன் இருந்தது. நியாயமாக இருக்கப் பார்க்கிறேன். ஆனாலும் அரசாங்கத்துக்கு வராமல் போன பணம் வராமல் போனதுதான். மருந்து இறக்க டொலர் இல்லை என்று வானொலி சொன்னபோது, என்னுடைய நல்ல விடை ஞாபகம் வந்தது.

செல்லச்சாமி அண்ணன் கண்டியில் எல்லாப் பாமசியிலும் கேட்டார். கடைசியில் நகரத்துக்கு வெளியே திகனயில் தாஸிம் என்பவரின் சிறிய பாமசியில் இரண்டு அட்டை இருந்தது. தாஸிம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதை வெளியே நின்ற ஒரு தாய்க்கு வைத்துக்கொண்டார். பத்து மாத்திரை. பத்து நாள்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரம், பைல் அறையில் அவர் குந்தியிருப்பதைப் பார்த்தேன். மாத்திரையை டம்ளரின் அடியால் நசுக்கி, பொடியைப் பிளேடால் இரண்டாகப் பிரித்து, இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தார். கடதாசிக்கும் அப்போது தட்டுப்பாடு. அவர் கிழித்திருந்தது நான் எழுதிக் கழித்த பழைய கடிதங்களை. ஒரு பொட்டலத்தில் "மனமகிழ்வுடன்" என்று இருந்தது.

டாக்டரைக் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. சொல்லிட்டு மாத்திரை தருவாரா?" பொட்டலத்தை விரலால் அழுத்தினார். "புதுசா பொடியாத்தான் வருதுன்னு புள்ளைக்கிட்ட சொல்லியிருக்கேன். கமலத்துக்கும் தெரியாது. நீங்களும் வாயத் திறக்காதீங்க, மிஸ்."

நான் திறக்கவில்லை. அடுத்த கப்பலில் வந்துவிடும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அதன்பிறகு என் மேசையில் தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன். மாலையில் அவரோடு மஹய்யாவைக்கு நடந்துபோய், நிரோஷாவைக் கண்ணால் பார்த்துவிட்டே என் அறைக்குத் திரும்பினேன். கமலம் அக்காவுக்குத் தெரிந்தது மருந்து முடியப்போகிறது என்பது மட்டும்தான். அதற்கே அவர் வாளியை அப்படி வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் நிரோஷாவின் கை ஒருமுறை வெட்டி இழுத்தது. தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. தூக்கக் கலக்கம் என்று சிரித்தாளாம். அண்ணன் அலுவலகம் வந்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல் இதைச் சொன்னார்.

"தங்கச்சி, என்கூட அந்த முதலாளி வீட்டுக்கு வாங்க. எனக்குக் கேக்கத் தெரியாது."

அவர் என்னை முதல்முறையாகத் தங்கச்சி என்று கூப்பிட்டது அப்போதுதான்.

பின்னேரம் போனோம். நகரம் முழுக்கக் கரண்ட் இல்லை. இராமநாதன் முதலாளியின் வீட்டில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ரத்தினம்மா நாயைக் கட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார். முதலாளி எங்களை உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை. விஷயத்தை நான்தான் சொன்னேன். மகளுக்கு என்று தொடங்கி, நாயின் மாத்திரையில் வந்து முடித்தேன்.

முதலாளியின் முகம் உண்மையாகவே வாடியது. "இத முன்னமே கேட்டிருக்கலாமே, செல்லச்சாமி. உனக்கு இல்லாததா?" என்று எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். ஒரு தட்டு நிறைய அட்டைகள், சென்னையிலிருந்து வந்தவை. இரண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் யோசித்துக் கதவைச் சாத்தினார். "அடுத்த பார்சல் எப்ப வருமோ தெரியல. டைகருக்கும் வேணும். பாவம், வாயில்லா ஜீவன்."

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"அந்த வரிக் கடிதம் எழுதினது இந்தப் புள்ளைதானே? நல்ல தமிழ். அந்த மிச்சத்துலதான் இந்த ஜெனரேட்டரே வாங்கினேன்."

நன்றி என்று சொன்னேன்.

வழியில் தாஸிமுக்குத் தொலைபேசி எடுத்து, அட்டையிலிருந்த பெயரையும் அளவையும் வாசித்தேன். அதேதான், முழுசாக் கொடுங்க என்றார். அண்ணன் அட்டைகள் இருந்த சட்டைப் பையைப் பிடித்தபடி மலையிறங்கினார். ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடியும் அந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். அன்று முதலாளிக்குக் கொடுக்க மனமிருக்க வேண்டும், பார்சல் வந்திருக்க வேண்டும், டைகருக்கு மிஞ்ச வேண்டும்.

வீட்டில் நிரோஷா விறகடுப்பின் முன்னால் நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம் அட்டையை நீட்டினார்.

"பொடி இல்லையாப்பா?"

"மாத்திரையே கெடச்சிருச்சு."

அவள் ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு என்று வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் மாத்திரைக்குப் பக்கத்தில் கொட்டினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை நசுக்கினால் இவ்வளவுதானா வரும் என்று தகப்பனைக் கேட்டாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லுங்கக்கா. படிச்சவங்கதானே."

"பாதி" என்றேன்.

கமலம் அக்கா கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. என்னைப் பார்த்ததுதான் அதிக நேரம்.

நிரோஷா சத்தம் போடவில்லை. "ஒம்பது நாளா ரெயில் பாதையத் தாண்டித்தான் தண்ணிக்குப் போனேன்" என்றாள். "கதவப் பூட்டிக்கிட்டுக் குளிச்சேன். இந்த அடுப்புக்கு முன்னால நின்னேன். மருந்து போடுறேன்னு நெனச்சுத்தானப்பா."

மாத்திரையை விழுங்கினாள். ரொட்டி கருகியது. அவள் அதைத் திருப்பவில்லை. அடுப்பிலிருந்து மெல்லப் பின்வாங்கி, சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

கமலம் அக்கா விளக்கு ஏற்ற எழுந்தார். இருட்டில் கால் பட்டு வாளி சாய்ந்து உருண்டது. நாங்கள் மூன்று பேரும் நிரோஷாவைப் பார்த்தோம். நிரோஷா தன் கைகளைப் பார்த்தாள்.