மொழிபெயர்ப்பாளரின் கேள்வி

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், எங்கள் ஊர் நீதிமன்றத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கோட்டு, காதோரம் நரை. சாட்சி தமிழில் சொன்னதை உடனே பிரெஞ்சில் சொல்லமாட்டார். முதலில் சாட்சியிடமே திருப்பிச் சொல்லி, "இதானே சொன்னீங்க?" என்று கேட்பார். சாட்சி தலையாட்டிய பிறகுதான் நீதிபதி பக்கம் திரும்புவார்.

புதிதாக வந்த நீதிபதி, நேரம் வீணாகிறதென்று அதை நிறுத்தச் சொன்னார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முழு பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். கடற்கரையில் பார்த்தபோது காரணம் கேட்டேன்.

"பிள்ளைச்சாவடி மீனவர் ஒருத்தர், வலைத் தகராறு. கேஸ் தோத்து வெளிய வந்தவரு, 'ஐயா, நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?'ன்னு கேட்டாரு. சொன்னேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அடிச்சுச் சொல்ல முடியல. அப்புறம் அந்தக் கோர்ட்டுப் படி ஏறவே புடிக்கல."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்காரி ஒரு வாரம் பேசல. நேத்துதான் வாயத் தொறந்தா. 'இனிமே மத்தியானமும் வீட்டுலதானே? அரிசி கூடப் போடணுமா?'ன்னு கேட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்று சொல்ல நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சொல்லவில்லை.