பஞ்சு இல்லை, நரை

முடி ஏன் நரைக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்லத்தான் வந்தார்கள். எண்ணெய் வைக்காததால் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போர் தண்ணீரில் குளிப்பதால் என்றார் மளிகைக் கடைக்காரர். மனசுக்குள் எதையோ வைத்துப் புழுங்குகிறாள், அதுதான் மேலே ஏறிவிட்டது என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புழுங்குவதற்கு ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்கு மீசை முளைத்த சூட்டோடு நரையும் வந்ததாம். அவரிடம் யாரும் காரணம் பேசவில்லை. ஆம்பிளைக்கு நரைத்தால் பொறுப்பானவன் என்பார்கள்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அது நல்ல வேலைதான். தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றாலும் பஞ்சு விடாது. புருவம், இமை, காது மடல், முன்முடி எல்லாம் வெள்ளை. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் தலைத்துணியை அவிழ்த்து, ஒருத்தி தலையை இன்னொருத்தி தட்டிவிடுவோம். என் தலையைத் தட்டுகிற தோழிக்குத் தினமும் ஒரே கேலி.

"ஏட்டி, எம்புட்டுத் தட்டினாலும் ஒன் பஞ்சு மட்டும் போக மாட்டேங்குதே!"

"கை வலிக்க மட்டும் தட்டு. பொறவு என் காலையும் அமுக்கிவிடு" என்பேன். அவளிடம் மட்டும்தான் எனக்கு வாய். மற்றபடி நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவருக்கு என்னைக் கேட்டார்கள். மில்லுக்குப் போகிற பெண்ணை, முறையாகப் பார்க்க வருமுன் ஷிப்ட் விடும்போது தெரியாமல் வந்து ஒருமுறை பார்த்துப் போவது எங்கள் பக்கத்தில் உண்டு. நடை, பேச்சு, கூட்டு எல்லாம் தெரிந்துவிடுமாம். அவருடைய அம்மா அப்படி வந்து நின்றிருக்கிறார். கூட்டத்தில் எல்லாத் தலையும் வெள்ளை, என் தலையும் வெள்ளை. "பாவம், தலையெல்லாம் பஞ்சு. நல்ல உழைப்பாளி" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதைக் கேட்டு என் அம்மாவுக்கு உயிர் வந்தது. ஏற்கெனவே ரெண்டு இடம் என் தலையைப் பார்த்துவிட்டுத் தட்டிப்போயிருந்தது. உடனே ஒரு டை பாக்கெட் வாங்கி வந்தாள்.

"பஞ்சுன்னு நெனைச்சுட்டாக. அது அப்படியே இருக்கட்டும். இதைப் போட்டுக்கிட்டு வா."

"போட மாட்டேன்."

"ஏட்டி, இதுவும் போச்சுன்னா பொறவு எவன் வருவான்?"

"ஒளிச்சு வைக்க நான் என்னத்தைத் திருடிட்டேன்?"

அம்மா பாக்கெட்டைச் சுவரில் எறிந்தாள். நான் சீயக்காய் போட்டுக் குளித்து, வகிடு எடுத்து, பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பிரகாரத்தில் பெண் பார்க்க ஏற்பாடு. மாப்பிள்ளை ஒரு தூணோரம் நின்றார். அவர் அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, இன்னைக்கும் ஷிப்டா? பஞ்சைத் தட்டாமலே வந்துட்டியே!" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி என் வகிட்டோரம் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். எனக்கு வலித்தது.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "அது பஞ்சு இல்லை அத்தை. நரை."

அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "கல்யாணத்துக்கு மட்டுமாவது டை போட்டுக்கிடட்டும் மதினி. நாலு பேரு பாப்பாக" என்றார். அம்மா அதற்குள் தலையை ஆட்டிவிட்டாள்.

நான் நிமிர்ந்துவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "ஒரு மாசத்துல அடியில வெள்ளை தெரியும் அத்தை. அப்பம் ஏமாத்திட்டாகன்னு பேசுவீக. இப்பமே நல்லாப் பாத்துக்கிடுங்க. வேண்டாம்னா ராஜபாளையத்துக்கு பஸ் இருக்கு."

தூணோரத்திலிருந்து பக்கென்று சிரிப்பு வந்தது.

"என்னலே சிரிப்பு?" என்று அவர் அம்மா அதட்டினார்.

"பஸ் இருக்குன்னு சொல்லுதாளேம்மா. ஏறிப் போயிட்டாள்னா திருப்பிக் கூப்பிட ஒன்னைத்தானே அனுப்பணும்?"

அந்த அம்மா விறுவிறுவென்று சன்னதிக்குள் போனார். என் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சொன்னதைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தவர் கையில் பிரசாதப் பூ. "குனி" என்றார். நரை மேலேயே அதைச் செருகினார். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன், அவர் காது மடலின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. டை வழிந்து காய்ந்த கறை.

வெள்ளைத் தலையோடுதான் மணையில் உட்கார்ந்தேன். பேசினார்கள். பந்தியில் உட்கார்ந்தும் பேசினார்கள்.

தொண்ணூறுகளில் மாமியாருக்குத் தோள் பிடித்துக்கொண்டது, பின்கழுத்துக்குக் கை எட்டாது. நான்தான் டை பூசிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் அடியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மிச்சம் கெடக்கு. போட்டுக்கிடுதியா?" என்பார்.

"ஒங்களுக்கே காதோரம் விட்டுப்போச்சு, திரும்புங்க" என்பேன்.